பீரங்கியின் அட்டைக் குழாய்

அன்று இசைக் கல்லூரியின் பரீட்சை அறையில் இருந்தவர்கள்:

சொப்ரானோ சாக்ஸபோனுடன் மானிட்டர். பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவியாக இருந்தபோது வந்த அதிகாரக் குரல் இன்னும் போகாததால் அந்தப் பெயர். ஆல்டோவுடன் தூங்குமூஞ்சி. தனக்கு வாசிப்பு இல்லாத இடத்தில் கண்ணயர்ந்துவிட்டு, முறை வரும்போது சரியாக விழித்துக்கொள்வான். டெனருடன் மாப்பிள்ளை. சாதாரண நாளிலேயே இஸ்திரி மடிப்புக் கலையாமல் வருகிறவன், அன்று கோட் வேறு. பாரிடோனுடன் பீரங்கி. மேஜைக்குப் பின்னால் மூன்று தேர்வாளர்கள்: ஒரு பியானோ ஆசிரியை, ஒரு பாட்டு வாத்தியார், நடுவில் தலைவராக ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பேண்ட் மாஸ்டர். வாசலோரம் முக்காலியில் ஸ்டோர்க்காரர். கல்லூரிக்குச் சொந்தமான வாத்தியம் எங்கே போனாலும் கூடவே போய்த் திரும்புவது அவர் வேலை.

இவர்களைத் தவிர ஒரு அட்டைக் குழாய். அது பீரங்கியின் நாற்காலிக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றிக் கிடந்தது.

பீரங்கி என்ற பெயரைக் கேட்டு ஆளை அப்படிக் கற்பனை செய்ய வேண்டாம். ஊதினால் பறந்துவிடுவாள் போல இருப்பாள். நான்கு சாக்ஸபோன்களில் பெரியதும் கனமானதும் பாரிடோன்தான். அதன் பெட்டியை அவள் தூக்கிக்கொண்டு படியேறுவதைப் பார்த்தால் பெட்டிதான் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறதோ என்று தோன்றும். முதல் நாள் அவளைப் பார்த்த தூங்குமூஞ்சி, "யாரும்மா இது, பீரங்கிய நகத்திக்கிட்டு வர்றது?" என்று கேட்டான். பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

மற்ற மூன்று பேருக்கும் வாத்தியம் சொந்தம். பீரங்கியுடையது கல்லூரிச் சொத்து. ஆண்டு இறுதிக் கச்சேரித் தேர்வில் தேறினால், படிப்பு முடியும்வரை அது அவளிடம் இருக்கும். தேறாவிட்டால் அன்றைக்கே ஸ்டோருக்குப் போய்விடும். அதை எடுத்துக்கொள்ள ஜூனியர் வகுப்பில் ஒருத்தி ஏற்கெனவே காத்திருந்தாள். கல்லூரியில் பாரிடோன் அது ஒன்றுதான். வீட்டில் வாங்கித் தரக்கூடிய சாமானும் இல்லை. வாத்தியம் போனால் படிப்பும் போன மாதிரிதான். பாரிடோன் இல்லாத பாரிடோன் மாணவிக்கு வகுப்பில் என்ன வேலை?

அப்பா அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் ஆஸ்பத்திரி லாண்டரியில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்.

"தேறினா படி. இல்லேன்னா என்கூட வேலைக்கு வந்துடு. அங்கயும் காத்து, ஆவி, சத்தம் எல்லாம் உண்டு. உனக்குப் பழக்கமானதுதான்."

கிண்டல் மாதிரி இருக்கும். கிண்டல் இல்லை. சூப்பர்வைசரிடம் பேசியும் வைத்திருந்தார்.

இரவு ஷிப்ட்காரர் பகலில் தூங்குவார். ஆகவே வீட்டில் பகல் என்பது பிறர் நடமாட அனுமதிக்கப்பட்ட ஓர் இரவு. அம்மா மிக்ஸியைப் போர்வையில் சுற்றி அரைப்பாள். அண்ணன் வேனைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவான். இந்த வீட்டில் பாரிடோன் வாசிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பீரங்கி அதனால் ஊதாமல் பழகினாள். கட்டிலில் உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை மாட்டி, எதிரே தாளை வைத்து, வாத்தியத்தின் சாவிகளை மட்டும் அழுத்துவாள். டக் டக் டக் என்று பித்தளை மூடிகள் விழும் சத்தம் மட்டும் கேட்கும். "என்ன டைப் அடிக்கிறியா?" என்று அப்பா தூக்கத்தில் கேட்பார்.

இப்படிப் பழகுவதில் ஒரு கோளாறு உண்டு. சத்தம் வராததால் தப்பும் வராது. காது வேலை செய்யாது, விரல் மட்டும் மனப்பாடமாகும். அந்த விரலுக்கு எங்கே போக வேண்டும் என்பது தெரியும். என்ன கேட்க வேண்டும் என்பது தெரியாது.

*

அந்த ஆண்டுக் கச்சேரிக்கு நான்கு உருப்படிகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எடுத்தவள் மானிட்டர். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். முதலாவது, விரல் வேகத்தைக் காட்டும் ஒரு துள்ளல். இரண்டாவது, மெதுவாக நகரும் ஒரு பிரார்த்தனை. அதன் முடிவில் மூன்று பேரும் ஒவ்வொருவராக நின்றுவிட, பாரிடோன் மட்டும் தன் கடைசிச் சாவியில் வரும் ஆகத் தாழ்ந்த சுரமான கீழ் பி-பிளாட்டைத் தனியாகப் பிடித்துக்கொண்டு தேய்ந்து மறைய வேண்டும். மூன்றாவது ஒரு நடனம். நான்காவது, மானிட்டரே நால்வருக்காகக் கோத்து எழுதியது. இரவு பகலாக உட்கார்ந்து எழுதினாள். அதன் உச்சமாக, முடிவில் பாரிடோனுக்குக் கீழ் ஏ எழுதிவிட்டாள்.

புதிய பாரிடோன்களில் கீழ் ஏ உண்டு. கல்லூரியின் பழைய பாரிடோன் அதற்கு அரைச் சுரம் மேலே, பி-பிளாட்டோடு நின்றுவிடும். கீழே இறங்கப் படி கிடையாது.

"மாத்தி எழுதிடேன்," என்றான் மாப்பிள்ளை.

"முடியாது. அந்த ஒரு சுரத்துக்காகத்தான் மொத்தத்தையும் எழுதினேன்."

"அப்ப வாத்தியத்த மாத்து."

"மாப்பிள்ளை, உன் கல்யாணத்துல மொய்யா வரும், வாங்கிக்கலாம்," என்றான் தூங்குமூஞ்சி, கண்ணைத் திறக்காமலே.

வழி கண்டுபிடித்தவள் பீரங்கிதான். வாத்தியத்தின் அகன்ற வாய்க்குள் சரியான நீளத்தில் ஒரு குழாயைச் செருகிவிட்டால், உள்ளே காற்று போகும் பாதை நீண்டுவிடும். கடைசிச் சாவியை அழுத்தினால் பி-பிளாட்டுக்குப் பதில் ஏ வரும். படம் சுற்றி வைக்கும் அட்டைக் குழாய் ஒன்றை வெட்டி, ஊதிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வெட்டி, விளிம்பில் துணி டேப் சுற்றி இறுக்கமாக்கினாள். முதல் தடவை அந்த ஏ வந்தபோது பயிற்சி அறையின் ஜன்னல் கொக்கி நடுங்கியது. தூங்குமூஞ்சி முழுசாக விழித்துவிட்டான். மானிட்டர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

குழாய் உள்ளே இருக்கும்வரை பி-பிளாட் கிடையாது. மற்றச் சுரமெல்லாம் ஒழுங்காக வரும், அந்த ஒன்று மட்டும் ஏ-யாக மாறிவிடும். அதனால் என்ன? பி-பிளாட் இரண்டாவது உருப்படியில், ஏ நான்காவதில். நான்காவதுக்கு முன்னால் செருகினால் போதும். செருகுவதை ஒரே மூச்சு நேரத்துக்குள் செய்யப் பழகினாள். குனிவது, எடுப்பது, திருகுவது, நிமிர்வது. எத்தனையோ தடவை பழகியாயிற்று.

வேகமாகக் கழற்றுவதை ஒரு தடவைகூடப் பழகவில்லை. எதற்குப் பழக வேண்டும்? நான்காவதுதான் கடைசி. முடிந்த பிறகு பேசிக்கொண்டே, சாவகாசமாகத் திருகித் திருகி எடுத்துவிடுவாள்.

ஒரே மூச்சு என்ற கணக்கு மானிட்டருடைய சட்டம். நால்வர் குழுவுக்குக் கைகாட்ட ஆள் கிடையாது. தலைமை தாங்குகிறவர் மூக்கால் சர்ரென்று ஒரு மூச்சு இழுப்பார், அந்த மூச்சின் வேகத்திலேயே மற்றவர்கள் புறப்பட்டுவிட வேண்டும். போன தேர்வில் உருப்படிகளுக்கு நடுவே தூங்குமூஞ்சி எதையோ கீழே போட்டுத் தேடி நேரம் ஓட்ட, அதற்கு மார்க் குறைத்துவிட்டார்கள். அன்று மானிட்டர் சொன்னாள்:

"இனிமே நான் மூச்சு இழுத்துட்டா இழுத்ததுதான். யாரும் கை தூக்கக் கூடாது, பேசக் கூடாது. வீடு பத்திக்கிட்டாலும் வாசிச்சு முடிச்சுட்டுத்தான் தண்ணி ஊத்தணும். புரியுதா?"

புரிந்தது. அதற்குப் பிறகு அந்த மூச்சை யாரும் மீறவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் தெருவில் போகும்போதுகூட உதடு தானாகக் குவியும் அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

*

தேர்வு நாளில் இவர்களுக்கு முன்னால் வாசித்த குழு இழுத்துக்கொண்டே போய்விட்டது. உள்ளே நுழையும்போதே பேண்ட் மாஸ்டர் கைக்கடிகாரத்தை மேஜைமேல் கழற்றி வைத்திருந்தார். நால்வரும் வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள்.

"நாலும் கேக்க நேரம் இல்ல," என்றார். "நாலாவது மொதல்ல வாசிங்க. யார் எழுதினது, நீங்களா? நல்லது. அப்புறம் ரெண்டாவது. அது போதும்."

"சரிங்க சார்," என்றாள் மானிட்டர். தான் எழுதியதை முதலில் கேட்கப் போகிறார்கள் என்பதில் அவள் முகம் மலர்ந்துவிட்டது. வேறு எதுவும் அவள் தலைக்குள் ஏறவில்லை.

பீரங்கியின் தலைக்குள்ளும் பாதிதான் ஏறியது. நாலாவது முதலில் என்றால் குழாய் முதலில். குனிந்து எடுத்துச் செருகினாள். காலையில்தான், வாசிக்கும்போது அது நடுங்கிச் சத்தம் போடக் கூடாதென்று இன்னொரு சுற்று டேப் போட்டிருந்தாள். கும்மென்று உட்கார்ந்தது. அறைக்குள் வருவதற்கு முன் தாழ்வாரத்தில் ஒத்திகை பார்த்தபோதும் ஒருமுறை செருகி, நிதானமாகத் திருகி எடுத்திருந்தாள். அட்டை அப்போதே மூச்சு ஈரத்தில் லேசாக நமத்திருந்தது.

நான்காவது உருப்படி நன்றாகவே போயிற்று. உள்ளதைச் சொன்னால் மிக நன்றாகப் போயிற்று. மாப்பிள்ளைகூட ஓரிடத்திலும் பிசகவில்லை. முடிவில் பீரங்கி அந்த ஏ-யை இறக்கினாள். தேர்வாளர் மேஜையில் இருந்த டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழுந்தது. பாட்டு வாத்தியார் டம்ளரைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டார். பேண்ட் மாஸ்டரின் மீசை ஒரு பக்கமாகச் சிரித்தது.

அடுத்ததில் பி-பிளாட் வர வேண்டும்; இப்போது குழாயை எடுக்க வேண்டும். ஒரு கையால் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

திருகினாள். டேப் உள்ளே எங்கேயோ சுருண்டு கவ்விக்கொண்டது. நமத்த அட்டை உப்பிவிட்டது. விரலுக்குள் அட்டையின் மேல் தோல் மட்டும் பிய்ந்து வந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து மாப்பிள்ளை ஓரக்கண்ணால் பார்த்தான். அவன் புருவம் என்ன என்று கேட்டது. அவள் கண் ஏதும் சொல்வதற்குள் மானிட்டரின் மூக்கு சர்ரென்று இழுத்தது.

ஒரு கையைத் தூக்கியிருந்தால் போதும். "ஒரு நிமிஷம் சார்" என்றால் யாரும் தலையைச் சீவியிருக்க மாட்டார்கள். ஆனால் மூச்சு இழுத்தாயிற்று. அவள் உதடு ஊதுவாயின் ரீடைக் கவ்விவிட்டது. இரண்டாவது உருப்படி புறப்பட்டுவிட்டது.

வாசித்துக்கொண்டே யோசித்தாள். பயப்பட ஒன்றுமில்லை. கீழ் பி-பிளாட் இதில் ஒரே ஓர் இடத்தில், முடிவில்தான் வருகிறது. அதை ஒரு ஸ்தாயி மேலே வாசித்துவிடலாம். மேலே உள்ள பி-பிளாட்டுக்கும் குழாய்க்கும் சம்பந்தமில்லை. சுரம் சரியாக இருக்கும். கொஞ்சம் மெலிவாகத் தெரியும், அரை மார்க் போகும். போகட்டும். மேலே. மேலே வாசிக்க வேண்டும். பிரார்த்தனை முழுவதும் அவள் மனசு இதையே ஜபித்தது.

மானிட்டர் நின்றாள். தூங்குமூஞ்சி நின்றான். மாப்பிள்ளை நின்றான்.

விரலெல்லாம் மூடி இறங்கின. இடது சுண்டுவிரல் கடைசிச் சாவிக்குத் தானாகப் போயிற்று. கட்டிலில், அப்பாவின் குறட்டைக்கு நடுவே, ஒரு வருஷமாகச் சத்தமில்லாமல் அந்த விரல் அங்கேதான் போயிருக்கிறது. மனசு சொன்னதை அது கேட்கவில்லை.

ஏ வந்தது. தாழ, தனியாக, தப்பாக. பிரார்த்தனை முடிகிற இடத்தில் தரை விரிசல் விட்டு எல்லோரும் அரையடி கீழே இறங்கிய மாதிரி இருந்தது. விட முடியாது. பிடித்துத் தேய வேண்டும். பிடித்துத் தேய்ந்தாள்.

*

தேர்வாளர்கள் எழுதினார்கள். அந்த நேரத்தில் பீரங்கி தலையைக் குனிந்துகொண்டு குழாயோடு மல்லுக்கட்டினாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மாட்டிக்கொண்டதை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கையாலும் ஒரு திருகு. பளக் என்று வந்துவிட்டது. பாதி கிழிந்து, தட்டையாகி, வால் மாதிரி டேப் தொங்க. அதை நாற்காலிக்கு அடியில் காலால் தள்ளினாள்.

பேண்ட் மாஸ்டர் பேனாவை மூடினார்.

"பாரிடோன். அந்தக் கடைசி சுரம் அரை சுரம் எறங்கிடுச்சே. தப்பா, இல்ல வேணும்னே செஞ்சதா?" குரலில் கோபம் இல்லை. "கேக்க ஒரு மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு. அதான் கேக்கறேன்."

பீரங்கி வாயைத் திறந்தாள். தப்பு என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்திருந்தது.

"நாங்க யோசிச்சுப் பண்ணது சார்," என்றாள் மானிட்டர். "முடிவு கேள்வியா நிக்கட்டும்னு. நாலு பேரும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம்."

பொய் அவ்வளவு வழவழப்பாக வந்தது. பியானோ ஆசிரியை தலையசைத்துக் குறித்துக்கொண்டார். பீரங்கி வாயை மூடிக்கொண்டாள். ஒரு கணம், உள்ளபடியே, அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"அப்படியா! சரி. கடைசி வரி மட்டும் இன்னொரு தடவ வாசிங்க. இந்தத் தடவ அதுக்குத் தயாராக் கேக்கறேன்."

தூங்குமூஞ்சி தும்மினான். மாப்பிள்ளை நாற்காலிக்கு அடியில் பார்த்தான். கிழிந்து தட்டையான அந்த அட்டையை மறுபடி செருக எந்த வித்தையாலும் முடியாது. மானிட்டருக்கு இதொன்றும் தெரியாது. அவள் மூச்சை இழுத்தாள்.

வாசித்தார்கள். மூன்று பேரும் நின்றார்கள். சுண்டுவிரல் போகிற இடத்துக்குப் போயிற்று. தாளில் எழுதியிருந்த பி-பிளாட், குறையொன்றும் இல்லாமல், ஆடாமல் அசையாமல் வந்தது. அவள் வாழ்நாளில் அதை இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை.

"இப்ப வேற வருதே," என்றார் பேண்ட் மாஸ்டர்.

எழுந்து வந்தார். நாற்காலிக்கு அடியில் குனிந்து, பேனா முனையால் குழாயை எலிக்குஞ்சைத் தூக்குவது மாதிரி தூக்கினார். பார்த்தார். அவர் தோள் குலுங்கிற்று. சிரிக்கிறார்.

"எங்க பேண்ட்ல ஒருத்தன் சுரம் எறங்கணும்னு பூட்ஸ் காலையே உள்ள விடுவான். சரி, உள்ள மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான? இதச் சொல்லக் கூடாதா? அரை மார்க் சமாச்சாரம்." சிரிப்பு மெல்ல அடங்கியது. மானிட்டர் பக்கம் திரும்பினார். "நாலு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுன்னு சொன்னது நீங்கதான?"

மானிட்டர் சொப்ரானோவை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பிடுங்க வந்தவர் முன்னால் நிற்கிற மாதிரி.

"அவ அப்படித்தான் சொன்னா சார். வாசிக்கறதுக்கு முன்னாடி. மாத்தி வாசிக்கப் போறேன்னு. நாங்க நம்பிட்டோம்."

பேண்ட் மாஸ்டர் தூங்குமூஞ்சியைப் பார்த்தார். அவன் தன் வாத்தியத்தின் ஏதோ ஒரு திருகாணியை ஆராய்ந்துகொண்டிருந்தான். மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் ஷூவைப் பார்த்தான். நன்றாகப் பளபளத்தது. கடைசியாகப் பீரங்கியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

அவள் பேசவில்லை. தியாகம், பெருந்தன்மை என்றெல்லாம் யாரும் பட்டம் கொடுக்க வேண்டாம். சிநேகிதியின் வாயிலிருந்து வந்ததைக் காது வாங்கிக்கொண்டது. மண்டைக்குள் அது உட்காரவே நேரம் பிடித்தது. பதில் தேடி எடுப்பதற்குள் அவர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்.

தேர்வாளர்கள் தலையைக் கூட்டிப் பேசினார்கள். முடிவை அங்கேயே சொல்லிவிட்டார்கள். மற்ற மூவரும் பாரிடோனுக்கு வேறு ஆளோடு அடுத்த வாரம் மறுபடி வாசிக்கலாம். பாரிடோன் மாணவி தேறவில்லை. வாத்தியம் இன்றே ஸ்டோருக்கு.

"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் பியானோ ஆசிரியை, வழக்கத்துக்கு.

யாரும் சொல்லவில்லை.

*

தாழ்வாரத்தில் நால்வரும் பெட்டிகளை மூடினார்கள். தூங்குமூஞ்சி முதலில் வாயைத் திறந்தான்.

"ஏய், பீரங்கி. நான் சொல்லியிருக்கணும். தெரியும். எனக்குச் சட்டுனு..."

"தூக்கம் வந்துடுச்சா?" என்றாள்.

அவன் தன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டான். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே, யாரிடமோ பேசுவது போல, "எல்லாரும் மூழ்கறதுக்குப் பதிலா..." என்று ஆரம்பித்தான். பாதியிலேயே விட்டுவிட்டான். அந்த வாக்கியத்தை முடிக்க அவனுக்கும் வெட்கமாக இருந்திருக்கும்.

மானிட்டர் ஜன்னலோரம் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. அழுதிருந்தாள் என்பது உண்மை. அழுது முடித்துவிட்டாள் என்பதும் உண்மை.

"என் நெலமைல நீ இருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

"தெரியல."

"நாலு பேரும் போயிருப்போம். அப்பவும் உன் வாத்தியம் போயிருக்கும். உனக்கு அதுல என்ன லாபம், சொல்லு?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. பீரங்கி மூன்றாவது கொக்கியை முழங்காலால் அழுத்தி மூடினாள்.

"அந்த ஜூனியர் பொண்ணு வருவா," என்றாள் மானிட்டர், குரலைத் தாழ்த்தி. "கீழ் ஏ வேணுமே. குழாய் எவ்வளவு நீளம், எப்படிச் சுத்தணும்னு அவளுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுத்துடறியா? ப்ளீஸ். என் உருப்படிக்காக."

பீரங்கி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கேலி இல்லை. நெஞ்சில் கைவைத்துத்தான் கேட்கிறாள். அந்த ஒரு சுரத்துக்காகத்தான் மொத்தத்தையும் எழுதியவள்.

"அவளையே ஊதிப் பாத்து வெட்டிக்கச் சொல்லு," என்றாள் பீரங்கி.

பெட்டியைத் தூக்கினாள். ஸ்டோர்க்காரர் முன்னால் நடந்தார். படியிறங்கும் இடத்தில் பேண்ட் மாஸ்டர் நின்றுகொண்டு சட்டைப் பை ஒவ்வொன்றிலும் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்டோர்க்காரர் கடந்து போய்விட்டார். பீரங்கி நின்றாள்.

"சார். நான் அப்படிச் சொல்லல. மாத்தி வாசிக்கப் போறேன்னு யார்கிட்டயும் சொல்லல."

"தெரியும்மா."

அவள் கையில் பெட்டி கனத்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"தெரிஞ்சுமா சார்?"

"உருப்படி வரிசைய மாத்தினது நான். அதுவும் உள்ள வந்தப்புறம். குழாய் மாட்டிக்கும்னு முன்னாடியே எப்படிச் சொல்லியிருப்ப?" சாவி கிடைத்துவிட்டது. அதைக் கையில் குலுக்கினார். "உன் மூஞ்சியப் பாத்து எவ்வளவு நேரம் நின்னேன். ஒருத்தி பேசினா, மூணு பேர் பேசல. பேசாதத நான் எப்படி எழுதறது?"

"இப்ப சொல்றேனே சார்."

"இப்ப கையெழுத்துப் போட்டாச்சு. மத்த ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க." போகத் திரும்பியவர் நின்றார். "அந்த ஏ... நல்ல ஏ."

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஆறுதல் சொன்னாரா, அவமானப்படுத்தினாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவருக்கே விளங்கியிருக்காது.

*

ஸ்டோர் இருந்தது கட்டடத்தின் பின்பக்கம். இரும்புக் கதவு, உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், அலமாரி அலமாரியாக வாத்தியப் பெட்டிகள். தேர்வுக்கு முன்பே அண்ணனுக்கு போன் பண்ணியிருந்தாள். பெட்டியை ஏற்றிப் போகத் தெருவில் வேனோடு காத்திருந்தான். ஏற்ற ஒன்றும் இல்லை என்று அவனுக்கு இன்னும் தெரியாது.

ஸ்டோர்க்காரர் மேஜையில் வைத்துத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். உடம்பு. கழுத்து. மவுத்பீஸ். மூடி.

"இந்தப் பட்டை?"

"அது என்னோடது."

"அப்ப எடுத்துக்க. எனக்கு எதுக்கு அது." எடுத்துக் கொடுத்தார். "கீறல் ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் வெச்சிருந்திருக்க." பிறகு வாத்தியத்தின் வாயில் விரலை விட்டு ஏதோ நெருடியதைப் பார்த்து முகம் சுளித்தார். உள்சுவரில் டேப்பின் பிசின் ஒட்டியிருந்தது. ஒரு துண்டு ஈர அட்டையும். "என்ன இது, குப்பை?"

"குப்பைதான்."

கைக்குட்டையால் துடைத்தாள். பிசின் உடனே போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். அதுவும் போயிற்று. பெட்டியை மூடி முதல் கொக்கி, இரண்டாவது கொக்கி போட்டாள். மூன்றாவது கொக்கியில் ஸ்டோர்க்காரர் கை வைத்து அழுத்தினார். விழவில்லை. மறுபடி அழுத்தினார்.

"முழங்கால் வெச்சு அழுத்தணும். அப்பத்தான் விழும். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

"நீயே சொல்லேன். நாளைக்கு வந்து வாங்கிக்குவா."

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கு," என்றாள். சொன்ன பிறகுதான் அது வெறும் சாக்கு இல்லை, நிஜம் என்று உறைத்தது. சூப்பர்வைசரிடம் அப்பா பேசிவைத்திருக்கிறார்.

ஸ்டோர்க்காரர் பெட்டியைக் கீழ்த்தட்டில், சுவரோடு ஒட்டித் தள்ளினார். அதன் இடம் தூசியில் நீள்சதுரமாகத் தெரிந்துகொண்டிருந்தது. சரியாக அதில் போய் உட்கார்ந்தது.

"சரிம்மா, நீ கெளம்பு. நான் எண்ணி வெச்சுட்டுத்தான் போகணும். கதவத் தெறந்து வெச்சா ஒவ்வொருத்தனா ரீட் கேட்டு வந்து நிப்பான்."

கழுத்துப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனையில் அண்ணன் வேனின் ஹாரன் ஒருமுறை செல்லமாகக் கூப்பிட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று.